காளான் நீரும் ஒரு கண்ணும்

காளானைப் பற்றி நபிமொழி ஒன்றுண்டு. ஸஹீஹுல் புகாரியிலும் ஸஹீஹ் முஸ்லிமிலும் பதிவாகி, அறிவிப்பாளர் தொடரில் ஐயத்துக்கு இடமின்றி நிற்பது அது. அரபியில் ‘கம்அத்’ எனப்படும் பொருள் மன்னு வகையைச் சார்ந்தது, அதன் நீரில் கண்ணுக்குக் குணம் உண்டு என்பது அதன் கருத்து. திண்டிவனத்தில் ஒரு சிறு மதரஸாவில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக ஓதிக்கொடுத்து வரும் நாம், மருத்துவம் பற்றிய பாடம் வரும்போதெல்லாம் அச்சொல்லுக்குக் ‘காளான்’ என்று பொருள் கூறிவிட்டு அடுத்த ஹதீஸுக்குச் சென்றுவிடுவது வழக்கம். நமக்கு ஓதிக்கொடுத்த உஸ்தாதும் அவ்வாறே கூறினார். தமிழ் மொழிபெயர்ப்புகளிலும் அவ்வாறே காண்கிறோம். ஒரு சொல்லுக்குப் பொருள் சொல்லிக் கடந்து செல்வதில் என்ன கேடு விளைந்துவிடப் போகிறது என்று நாம் எண்ணியதே இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி அடைமழை ஓய்ந்த வாரம். நம்மிடம் ஓதும் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் ஏரிக்கரைப் புற்றருகே முளைத்திருந்த காளான்களைப் பறித்து வந்திருக்கிறான். அவனுடைய நன்னிமாவுக்கு வலக்கண்ணில் புரை. மூன்றோ ஐந்தோ ஏழோ எடுத்துப் பிழிந்து, நீரைக் குப்பியில் வைத்துக் கண்ணில் இட்டதாக வந்துள்ள மற்றொரு செய்தியையும் நாம் பாடத்தில் சொல்லியிருந்தோம். பிள்ளை அதை மறக்கவில்லை. ஏழு காளான், ஒரு வெள்ளைத் துணி, ஒரு பழைய மருந்துக் குப்பி. மூன்று நாட்கள் இரு வேளையும் இட்டிருக்கிறார்கள். நான்காம் நாள் கண் சிவந்தது. ஒரு வாரத்திற்குள் கருவிழியில் வெண்மையாய்ப் புண் கண்டது. புதுவையில் ஒரு கண் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றனர். கருவிழியைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்த மருத்துவர், பூஞ்சை இழைகள் தென்படுகின்றன என்றார். அது காளான் நீரிலிருந்து வந்ததா, துணியிலிருந்தா, குப்பியிலிருந்தா, கண்ணைக் கசக்கிய கையின் மண்ணிலிருந்தா என்று அவரால் அறுதியிட்டுச் சொல்ல இயலவில்லை. புண் ஆறிற்று, தழும்பு நின்றுவிட்டது. புரை மட்டுமே இருந்திருந்தால் ஓர் அறுவையில் தெளிந்திருக்கக்கூடிய கண் அது.

நாம் பார்க்கச் சென்றபோது அந்த மூதாட்டி சொன்னது இதுதான்: “ஹஜ்ரத், நீங்க ஓதிக் குடுத்ததத்தான் புள்ள செஞ்சான். அவன ஏசிப்புடாதீங்க.”

நபிமொழியின் மேல் நமக்கு ஐயம் எழவில்லை, எழவும் செய்யாது. ஐயம் எழுந்தது நம்மீது. அபூதாவூதிலும் நஸாயீயிலும் இடம்பெற்ற இன்னொரு ஹதீஸையும் நாம் ஓதிக்கொடுத்து வந்திருக்கிறோம். மருத்துவம் அறிந்தவர் என்று அறியப்படாத ஒருவர் மருத்துவம் செய்து கேடு விளைந்தால் அவரே ‘ளாமின்’, அதாவது ஈடு கொடுக்கக் கடமைப்பட்டவர் என்பது அதன் சட்டம். இதே கிதாபில் சில பக்கங்கள் தள்ளி இருப்பது. ஒன்றைச் சொன்ன வாயால் மற்றொன்றையும் சொல்லிவிட்டு, இரண்டும் நம்மைப் பார்த்தே பேசுகின்றன என்பதை அறியாதிருந்தோம்.

அதன் பிறகே ‘கம்அத்’ என்பதைத் தேடினோம். அது நம் புற்றுக்காளான் அன்று. குடையும் தண்டும் இல்லாமல், பாலைவன மண்ணுக்குள்ளேயே உருளைக்கிழங்கு போலத் திரண்டு கிடப்பது. மழையும் இடியும் கண்ட பருவத்தில் நிலம் வெடித்து அடையாளம் காட்ட, அரபிகள் தோண்டி எடுப்பது. இடியின் பயிர் என்றே அதற்குப் பெயரிட்டிருந்தார்கள். இரண்டும் பூஞ்சைக் குலத்தவை என்பது உண்மையே. பூனையும் புலியும் ஒரு குலம் என்பது போன்ற உண்மை அது.

முன்னோர் இவ்விஷயத்தில் நம்மைப் போல் அவசரப்படவில்லை. அந்நீரைத் தனியே இடுவதா, வேறு மருந்தோடு கலந்து இடுவதா, கண்ணின் எந்த நோய்க்கு எது என்று அறிஞர்கள் கருத்து வேறுபட்டிருப்பதை இமாம் நவவீ (ரஹ்) முஸ்லிமின் விரிவுரையில் எடுத்தெழுதுகிறார்கள். தனி நீரை இட்டுப் பார்வை மீண்ட ஒருவரைத் தம் காலத்தில் தாமே கண்டதாகவும், அவர் திமிஷ்க் நகரத்துப் பெரியார் என்றும் ஆளைக் குறித்தே சொல்கிறார்கள். அந்த ‘மூன்று, ஐந்து, ஏழு’ செய்தியோ திர்மிதீயில் அபூஹுரைரா (ரலி) அவர்களின் செயலாக வருகிறது. அதை அறிவிக்கும் கதாதா (ரஹ்), அபூஹுரைரா (ரலி) இவ்வாறு கூறியதாகத் தமக்குச் சொல்லப்பட்டது என்றே சொல்கிறார். சொன்னவர் யாரென்று சொல்லவில்லை. தொடரில் ஒரு கண்ணி பெயரின்றி நிற்கிறது. அந்த இடைவெளியை மறைக்காமல் வைத்தது அவர்களின் நேர்மை. நாமோ பிள்ளைகளுக்குச் சொல்லும்போது அந்த இடைவெளியை நிரப்பிவிட்டோம்.

விழுப்புரத்தில் நம் பழைய மாணவர் ஒருவர் தாவரவியல் பயின்று ஆய்வு செய்து கொண்டிருந்தார். நடந்ததைக் கேட்டதும், “ஒரு பூஞ்சையிலிருந்து மருந்து எப்படிப் பிறக்கிறது என்று வந்து பாருங்கள், ஹஜ்ரத்” என்று தம் ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துப் போனார். அவர் காட்டியதை நாம் விளங்கிக்கொண்டவாறு எழுதுகிறோம்.

ஓர் இலையையோ பிடி மண்ணையோ எடுத்துவந்து, கடற்பாசிக் கூழ் ஊற்றிய கண்ணாடித் தட்டில் வைக்கிறார்கள். சில நாட்களில் பல பூசணங்கள் கிளைக்கும். ஒவ்வொன்றையும் வேறொன்று கலவாமல் பிரித்துத் தனித் தட்டில் வளர்ப்பதே முதல் வேலை. பிறகு அதைக் குடுவையில் ஊட்டநீரிட்டு இரண்டு மூன்று வாரம் வளர்த்து, அது உமிழ்ந்தவற்றை ஒரு கரைப்பானால் பிரித்தெடுத்தால் பழுப்பு நிறத்தில் பிசின் போல் கொஞ்சம் எஞ்சும். அதில் தோய்த்த காகித வில்லையைக் கிருமி படர்ந்த தட்டில் வைத்தால், சில வேளை வில்லையைச் சுற்றி நிலவைச் சூழ்ந்த பரிவட்டம் போலத் தெளிந்த வளையம் தோன்றுகிறது. அவ்வளவு தூரத்துக்குக் கிருமி வளரவில்லை என்று பொருள். அவ்வளையத்தைக் கண்டதும் நாம் ‘ஸுப்ஹானல்லாஹ்’ என்றோம். மாணவர் சிரித்தார். “பிளீச்சிங் பவுடரை வைத்தாலும் இதே வளையம் வரும், ஹஜ்ரத். கிருமியைக் கொல்வது எளிது. கிருமியைக் கொன்று மனிதனை விட்டுவைப்பதுதான் அரிது.”

வளையம் கண்ட பின்னரே நெடும்பயணம் தொடங்குகிறது. பிசினில் நூறு பொருள்கள் கலந்திருக்கும். அவற்றுள் வேலை செய்வது எது என்று ஒவ்வொன்றாய்ப் பிரித்துக் காணவேண்டும். கண்டது ஏற்கெனவே பிறர் கண்டதாகவே பெரும்பாலும் இருந்துவிடும். புதிதாயின் அதன் அணுக் கட்டமைப்பை அறிய வேண்டும்; உயிரணுவில், பிராணியில், பிறகு சில மனிதரில், பிறகு பலரில் சோதிக்க வேண்டும். நம் நாட்டவர் இப்பாதையில் நடவாமல் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வகத்தார் டி.எஸ். சதாசிவன் தலைமையில் 1950-களில், பருத்தியை வாட்டும் பூஞ்சை உண்டாக்கும் ஃபுசாரிக் அமிலத்தை நோயுற்ற செடிக்குள் தேடி ஆராய்ந்தனர். சென்னை விவேகானந்தா கல்லூரியின் டி.எஸ். சூரியநாராயணனும் உடனாய்வாளரும் நமக்கு அண்மையிலுள்ள பிச்சாவரத்துச் சதுப்பு மரங்களின் இலைகளுக்குள் நோய் செய்யாமல் குடியிருக்கும் பூஞ்சைகளை ஆராய்ந்து 2001-இல் வெளியிட்டனர். ஓர் இலைக்குள் ஓர் ஊரே வாழ்கிறது என்று அறிய வியப்பே மிகுகிறது.

ஆயினும் நம் உள்ளத்தில் ஆழப் பதிந்தது ஜப்பானியர் ஒருவரின் வரலாறு. அகிரா எண்டோ என்பவர் 1971-இல் தொடங்கி, இரத்தத்தில் கொழுப்பு உண்டாவதைத் தடுக்கும் பொருள் பூஞ்சைகளில் கிடைக்குமா என்று இரண்டாண்டுகளில் 6,000-க்கும் மேற்பட்ட நுண்ணுயிர் வகைகளைச் சோதித்தார். முதலில் ஒன்று கிடைத்தது. சிட்ரினின் என்று பெயர். எலிகளுக்குக் கொடுத்தபோது கொழுப்பும் குறைந்தது. ஆனால் அது சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சு. கொழுப்புக் குறைந்த கணக்கை மட்டும் காட்டிப் புகழ் பெற்றிருக்கலாம். அவர் அதை விட்டுவிட்டுத் தொடர்ந்து தேடினார். 1973-இல் கியோட்டோ நகரத் தானியக் கடை ஒன்றின் அரிசியில் பிடித்திருந்த நீலப்பச்சைப் பூசணத்திலிருந்து காம்பாக்டின் என்ற பொருளைக் கண்டார். இதில் ஒரு வேடிக்கை: எலிகளுக்குக் கொடுத்தால் ஒன்றும் நிகழவில்லை! கோழிகளுக்கும் பிறகு நாய்களுக்கும் கொடுத்தபோதுதான் கொழுப்புக் குறைந்தது.

இவ்விடத்தில் நமக்கு இப்னு ஸீனாவின் நினைவு வந்தது. 1025-ஆம் ஆண்டளவில் முடிந்த ‘அல் கானூன்’ நூலின் இரண்டாம் பாகத்தில் மருந்தைச் சோதிப்பதற்குச் சில நிபந்தனைகளை அவர் வகுத்திருக்கிறார். மருந்தில் அயற்குணம் ஏறியிருக்கலாகாது. கலப்பில்லாத தனி நோயில் சோதிக்க வேண்டும். ஒன்றுக்கொன்று எதிரான நோய்களில் வைத்துப் பார்க்க வேண்டும். வேலை செய்யும் நேரத்தைக் கவனிக்க வேண்டும். எப்போதும் அவ்வாறே நிகழ்கிறதா என்று பார்க்க வேண்டும். இறுதியாக, சோதனை மனித உடலிலேயே நடக்க வேண்டும்; சிங்கத்திலும் குதிரையிலும் கண்டது மனிதனுக்குச் சான்றாகாது என்கிறார். எலி ஒன்று சொல்ல, கோழி மற்றொன்று சொல்லிய கியோட்டோப் பூசணத்தின் கதைக்கு ஆயிரம் ஆண்டுக்கு முன்பே எழுதிய உரை போலல்லவா இருக்கிறது!

ஆனால் அந்த இறுதி நிபந்தனையில்தான் அறத்தின் முள்ளும் இருக்கிறது. மனித உடல் என்றால் யாருடைய உடல்? 1978-இல் காம்பாக்டினை முதன்முதல் ஏற்றவர்களுள் பிறவியிலேயே கொழுப்பு மிகுந்த 18 வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். கொழுப்புக் குறைந்தது, தசைகள் தளர்ந்தன. மருத்துவர் அளவைக் குறைத்துக் கொடுத்துத் தொடர்ந்தார். அதிக அளவு கொடுத்த நாய்களில் கேடு கண்டதாக ஐயம் எழவே, 1980-இல் அந்நிறுவனம் அம்மருந்தையே கைவிட்டது. அதன் உடன்பிறப்பு எனத்தக்க லோவாஸ்டாட்டின், ஆஸ்பெர்ஜிலஸ் டெரியஸ் என்ற வேறொரு பூஞ்சையிலிருந்து எடுக்கப்பட்டு, மேலும் சோதிக்கப்பட்டு, 1987-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இன்று நம் வீடுகளில் நெஞ்சு நோயாளர் இரவில் போட்டுக்கொள்ளும் ஸ்டாட்டின் மாத்திரைகளின் மூலம் இதுவே. எண்டோ 2024-இல் காலமானார். அந்தப் பெண்ணின் பெயர் நமக்குத் தெரியாது.

‘இயற்கையில் கிடைப்பது கெடுக்காது’ என்பது நம் குடும்பங்களில் ஓர் அகீதாவைப் போலவே ஊன்றிவிட்டது. இதைத் திண்டிவனத்துக்காரர் சொன்னால் நமக்குச் சிரிப்பு வரும். நம் ஊர் கடலைக்குப் பேர்போன ஊர். இங்குள்ள எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் தந்த ‘டி.எம்.வி.’ இரகங்களின் பெயரிலேயே திண்டிவனம் இருக்கிறது. அந்தக் கடலையின் இயற்கையான பகைவன் ஆஸ்பெர்ஜிலஸ் ஃபிளேவஸ் என்ற பூசணம். மேற்சொன்ன மாத்திரையை ஈந்த பூஞ்சைக்கு ஒரே குடிப்பெயர் கொண்ட உறவு. சரியாகக் காயாத கடலையில் அது படர்ந்து அஃப்ளாடாக்ஸின் என்ற நஞ்சைச் சுரக்கிறது. 1960-இல் இங்கிலாந்தில் பிரேசில் நாட்டுக் கடலைப் புண்ணாக்கைத் தின்ற வான்கோழிக் குஞ்சுகள் இலட்சக்கணக்கில் மடிந்தபோதுதான் உலகம் விழித்தது. 1974-இல் இராஜஸ்தானின் பன்ஸ்வாராவிலும் குஜராத்தின் பஞ்சமகாலிலும் பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்ட ஏழைப் பழங்குடி மக்களில் நூற்றுக்கு மேற்பட்டோர் ஈரல் கெட்டு மாண்டனர். வறுத்தாலும் இந்நஞ்சு முழுவதும் அழிவதில்லை. உண்ணும் கடலையில் கிலோவுக்கு 4 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்று ஐரோப்பிய நாடுகள் விதித்திருக்கின்றன. ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. கசந்த கடலையை நாம் உண்ணாமல் மாட்டுக்குப் போடுகிறோமே, அந்த நஞ்சு உருமாறிப் பாலில் வந்து நம் பிள்ளையின் குவளைக்கே திரும்புகிறது. இல்லத்தரசிகள் இதனை மனத்தில் இருத்துவது நலம்.

ஒரே குலத்தில் நஞ்சும் மருந்தும் பிறக்க, இரண்டும் படைத்தவன் படைப்பாகவே இருக்க, இயற்கை என்ற ஒரு பெயரை மட்டும் கொண்டு எதற்கும் நற்சான்று வழங்க முடியாது. ஹதீஸ் கலையில் இதை நாம் நன்கறிவோம். அறிவிப்பவர் தொழுகையாளி, நல்லவர் என்ற அளவில் அவர் செய்தியை ஏற்பதில்லை. நினைவாற்றல் எத்தகையது, யாரிடம் கேட்டார், கேட்ட வயதென்ன, முதுமையில் தடுமாறினாரா என்று ஆராய்கிறோம். பக்தியுள்ள ஒருவரைக்கூட ‘பலவீனர்’ என்று எழுதி வைக்க நம் இமாம்கள் கூசவில்லை. ஆளுக்கு வைத்த அந்த அளவுகோலை வேருக்கும் இலைக்கும் காளானுக்கும் வைக்க மட்டும் நாம் ஏன் கூசுகிறோம்?

நம் நண்பரான ஆலிம் ஒருவர் இதற்கு மறுப்புச் சொன்னார். “சோதனை என்ற பெயரால் மனிதரை எலிகளாக்குவதை நீர் ஆதரிக்கிறீரா? நம் வைத்தியம் அப்படி யாரையும் பலியிட்டதில்லையே!” இக்கேள்வி நம்மைப் பல நாள் தூங்கவிடவில்லை. ஏனெனில் அதில் பாதி உண்மை இருக்கிறது.

நன்னிமாவின் கண் புண்ணுக்கு மருத்துவர் மணிக்கொரு முறை இடச்சொன்ன சொட்டு மருந்தின் பெயர் நாட்டமைசின். அதுவும் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரின் ஈவே. 1955-இல் தென்னாப்பிரிக்க நாட்டால் மாநிலத்து மண்ணில் கிடைத்தது. இதைவிடப் புதிய மருந்தான வோரிகோனசோல் வந்தபோது, புதியதே மேலாக இருக்கும் என்று பலரும் நம்பினர். மதுரை, புதுச்சேரி, கோயம்புத்தூர் அரவிந்த் கண் மருத்துவமனைகளில் கருவிழிப் புண்ணோடு வந்த 323 பேரை, அவர்தம் ஒப்புதலோடு, குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் பழையதும் மறு பிரிவுக்குப் புதியதும் கொடுத்துப் பார்த்தனர். 2013-இல் முடிவு வெளியாயிற்று. பழைய நாட்டமைசினே மேல். புதியது பெற்றவர்களில் கருவிழி ஓட்டை விழுந்தோரும் மாற்றுக் கருவிழி தேவைப்பட்டோரும் மிகுதி.

சிந்தித்துப் பாருங்கள். அந்த முடிவு இல்லையேல் நன்னிமாவுக்கு எந்தச் சொட்டு என்று மருத்துவருக்கு உறுதியிராது. அந்த உறுதியின் விலையை, குலுக்கலில் புதிய மருந்து விழுந்த யாரோ ஒரு விவசாயியின் கண் கொடுத்திருக்கிறது. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்த அர்ராஸி, ஒரு கூட்டத்தாருக்கு இரத்தம் எடுத்தும் மறு கூட்டத்தாரை வேண்டுமென்றே விட்டும் ஒப்பிட்டதாகத் தம் ‘ஹாவீ’யில் எழுதியதும் இத்தகையதே. நண்பரின் கேள்வி இங்கே கூர்மையாகவே குத்துகிறது. அந்த விவசாயிக்கு நாம் என்ன கைம்மாறு செய்ய முடியும்? 2019-இல் நம் நாட்டில் வந்த புதிய மருந்துச் சோதனை விதிகள் ஒப்புதலையும் கேடு நேர்ந்தால் ஈட்டுத் தொகையையும் கட்டாயமாக்கியுள்ளன. வறியவனின் ஒப்புதல் எவ்வளவு தூரம் முழு ஒப்புதல் என்ற வினாவை விதிகள் தீர்த்துவிடவில்லை.

ஆனால் “நம் வைத்தியம் யாரையும் பலியிட்டதில்லை” என்பதை மட்டும் இனி நம்மால் ஏற்க முடியாது. நன்னிமாவின் கண்ணில் இட்டதும் ஒரு சோதனையே. யாரும் அவரிடம் ஒப்புதல் கேட்கவில்லை; ‘கிதாபில் உள்ளது’ என்ற சொல்லே அவர் வாயை அடைத்துவிட்டது. எவ்வளவு இட்டோம், என்ன நேர்ந்தது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அடுத்த தெருவில் இன்னொருவர் அதே நீரை இட்டு அதே கண்ணை இழந்தால், முதற் கண்ணின் இழப்பு அவருக்கு எச்சரிக்கையாகக்கூட உதவியிராது. புதுச்சேரியில் அந்த விவசாயி இழந்தது ஏட்டில் ஏறிப் பலர் கண்ணைக் காத்தது. திண்டிவனத்தில் இழந்தது நம் மதரஸாச் சுவருக்குள்ளேயே புதைந்துவிட இருந்தது. இக்கட்டுரையை எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஜோர்தான் நாட்டு ஆய்வாளர் சிலர் அந்தப் பாலைவனக் ‘கம்அத்’தின் நீரையே எடுத்துச் சோதித்து, ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற கிருமியின் வளர்ச்சியை அது தடுப்பதாக 2004-இல் எழுதியிருக்கிறார்கள். நம் மாணவர் இதைக் காட்டியபோது நம் உள்ளம் துள்ளியது; வரும் ஜும்ஆவிலேயே சொல்லிவிட வேண்டும் என்று நாவும் துடித்தது. பிறகு மாணவரையே கேட்டோம்: “இது கண்ணிலா, கண்ணாடியிலா?” “கண்ணாடியில்தான், ஹஜ்ரத்” என்றார். ஜும்ஆவில் நாம் அதைச் சொல்லவில்லை. எவ்விடத்துக் ‘கம்அத்’, எந்தக் கண்ணோய், எந்த அளவு, எத்தனை பேர் என்று ஒருவர் சோதித்து எழுதும் நாள் வந்தால் மகிழ்ந்து சொல்வோம். நபிமொழி அதுவரை பொறுக்கும், கண் பொறுக்காது.

‘ளாமின்’ விஷயத்தை முஃப்தி ஒருவரிடம் கேட்டோம். நீங்கள் பாடம் நடத்தினீர்கள், மருத்துவம் செய்யவில்லை. ஆகவே சட்டப்படி ஈடு இல்லை என்று எழுதிக் கொடுத்தார். அந்தக் காகிதம் நம் அலமாரியில் இருக்கிறது. மனம் ஒப்பாமல், நன்னிமாவின் இடக்கண்ணுக்கும் புரை முற்றியபோது அறுவைச் செலவுக்கான தொகையை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குச் சென்றோம். எதற்கு என்று கேட்டார். போன கண்ணுக்கு ஈடு என்றோம். நீண்ட நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, “ஹதியாவா குடுத்தா வாங்கிக்கிறேன் ஹஜ்ரத். ஈடுன்னா வேணாம், எடுத்துக்கிட்டுப் போயிடுங்க” என்றார். பேரன் உள்ளேயிருந்து தேநீர் கொண்டுவந்து வைத்தான். நாம் அதை ஹதியா என்றே கொடுத்துவிட்டு வந்தோம்.